கோட்டையும் கூட்டமும்

புகழ்பெற்ற வரலாற்றுச் சின்னம் ஒன்றைக் கண்டு திரும்பிய மாணவர்களிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், பலர் முதலில் கூறும் விடை, "ஒரே கூட்டம், ஐயா!" என்பதே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் பணியாற்றிய நான் இவ்விடையைப் பன்முறை கேட்டிருக்கிறேன். நுழைவுச் சீட்டுக்கு ஒரு மணி நேரம், வாயிலில் மற்றொரு மணி நேரம், உள்ளே பின்னால் நிற்போர் தள்ளத் தள்ளக் கால் மணி நேரம். அவ்வளவோடு அன்றைய வரலாற்றுப் பாடம் முடிந்துவிடுகிறது. வீட்டார் அரிதிற் சேர்த்துக் கொடுத்த பணமும், மாணவனின் ஒரு நாளும் இவ்வாறு வரிசையிலேயே கழிந்துபோவது வருந்தத்தக்கது அன்றோ?

கூட்டத்தை நாம் விதியென்று எண்ணிவிடுகிறோம். அது விதியன்று. அதற்குக் காரணங்கள் உண்டு; காரணத்தை அறிந்தால் விலகும் வழியும் புலப்படும். இவ்வுண்மையை விளக்குவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் வரலாறே போதுமானது.

கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது ஓசூர். தொழிற்பேட்டைகளால் இன்று பெயர் பெற்று விளங்கும் இந்நகரின் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை, விடுமுறை நாட்களிலும் பண்டிகைக்கு முந்திய நாட்களிலும் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்திப்பள்ளியிலும் கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியிலும் ஊர்திகள் எறும்பு வரிசைபோல் நிற்கும். இந்நெரிசல் நம் காலத்தில்தான் தோன்றியது என்று கருத வேண்டா. மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழி இது. வணிகரும் படைகளும் இதனூடே சென்றவண்ணம் இருந்தனர். அவ்வழியைக் காப்பதற்கென்றே குன்றுகளின்மேல் கோட்டைகள் எழுந்தன.

இந்நிலப்பகுதிக்குப் பாராமகால் என்பது பழைய பெயர். இந்துஸ்தானி மொழியில் பன்னிரண்டு என்னும் பொருள் கொண்ட சொல்லோடு அது தொடங்குகிறது. பன்னிரு கோட்டைகள் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பது வழிவழி வரும் செய்தி. அவற்றுள் தலையாயது கிருஷ்ணகிரிக் கோட்டை. சையத் பாஷா மலை என்றும் வழங்கும் அக்குன்று, ஏறக்குறைய ஒரே பாறையாக ஊருக்கு அருகே நிமிர்ந்து நிற்கிறது. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் பெயரோடு இக்கோட்டையை இணைத்துக் கூறும் மரபும் உண்டு. ஒரு செய்தியை மட்டும் இங்கே கருத்திற் கொள்ளுங்கள்: மலைக்கோட்டையைக் கட்டியவர்கள், ஒரே நேரத்தில் பலர் ஏறக் கூடாது என்னும் எண்ணத்துடனேயே அதன் வழியை அமைத்தனர். பாதை ஒடுக்கமாக இருக்கும், வளைந்து செல்லும், வாயிலுக்கு மேல் மற்றொரு வாயில் இருக்கும். கூட்டத்தைத் தடுப்பதே கோட்டையின் தொழில்.

அத்தொழிலை அது எத்துணைச் செம்மையாகச் செய்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும். முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. பாறையின்மேல் மோதாமல், உணவும் உதவியும் சேராதவாறு வழிகளை அடைத்துக்கொண்டு காத்திருந்தது. 1768ஆம் ஆண்டில் கோட்டை பணிந்தது. மறு ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையால் அது மீண்டும் ஹைதர் அலியின் ஆட்சிக்குச் சென்றது.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் வேறொரு முறையைக் கையாண்டார். இரவோடு இரவாகத் திடீரெனத் தாக்கி, ஊரையும் கீழ்க்கோட்டையையும் கைப்பற்றினார். காவலர்கள் மேல்கோட்டையை நோக்கி ஓட, தாக்க வந்தவர்களும் அவர்களைத் தொடர்ந்து விரைந்தனர். ஆயினும் அவர்கள் சேருமுன் வாயிற்கதவு அடைபட்டது. ஒடுங்கிய சரிவில் திரண்டு நின்ற வீரர்கள்மேல் மேலிருந்து பெரும் பாறைகள் உருண்டு வீழ்ந்தன. பலர் மடிந்தனர், படை பின்வாங்கிற்று. பொறுமைக்குப் பணிந்த கோட்டை, ஒரே வாயிலில் முட்டிய கூட்டத்திற்குப் பணியவில்லை. இறுதியில் 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் பாராமகால் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அன்று படையைத் தடுத்த அதே ஒடுங்கிய வழியில்தான் இன்று நாம் சுற்றுலாவாக ஏறுகிறோம். வழி மாறவில்லை, ஆகவே கணக்கும் மாறவில்லை. ஒரு வாயிலின் வழியே ஒரு நிமிடத்தில் பத்துப்பேர் செல்ல முடியும் என்று கொள்வோம். முந்நூறு மாணவர்கள் ஒன்றாக வந்து நின்றால், கடைசி மாணவன் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அதே முந்நூறு பேர் ஐம்பதின்மராகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் ஆறு குழுக்களாக வந்தால், எவரும் ஐந்து நிமிடத்திற்கு மேல் நிற்க வேண்டியதில்லை. ஆட்தொகை ஒன்றே, வாயிலும் ஒன்றே, வரிசை மட்டும் சுருங்கிவிடுகிறது. நெரிசலுக்கு முதற் காரணம் மக்களின் தொகையன்று. எல்லாரும் ஒரே வேளையைத் தேர்ந்தெடுப்பதே என்பது இதனால் விளங்கும்.

உலகப் புகழ்பெற்ற தாஜ்மகாலில் இக்கணக்கை நடைமுறையில் காணலாம். முழுநிலவை ஒட்டிய ஐந்து இரவுகளில் அங்கே பார்வையாளரை அனுமதிக்கும் ஏற்பாடு 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. ஓர் இரவுக்கு நானூறு பேர் மட்டுமே. அவர்களும் ஐம்பதின்மர் கொண்ட எட்டுக் குழுக்களாய், குழுவுக்கு அரை மணி நேரம் என்னும் அளவில் செல்கின்றனர். வெள்ளிக்கிழமையிலும் ரமலான் மாதத்திலும் இவ்வாய்ப்பு இல்லை. முன்னரே இவற்றை அறிந்து சீட்டுப் பெற்றவர் அமைதியாகக் காண்பார். அறியாது சென்றவர் ஏமாந்து திரும்புவார்.

நம் மலைக்கோட்டைகளுக்கு ஏற்ற வேளை வைகறைக்குப் பிந்திய காலைப்பொழுதே. வெயில் ஏறினால் பாறை சுடும். இறங்கும்போது கால் தளரும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். ஞாயிற்றுக்கிழமையையும் நீண்ட விடுமுறையையும் விடுத்து, வாரத்தின் நடுநாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நன்று. மைசூருக்குச் சுற்றுலா செல்வோர் பலர் தசரா நாட்களையே விரும்புகின்றனர். ஊர்வலத்தைக் காண்பது நோக்கமானால் அது பொருந்தும். 1897ஆம் ஆண்டில் பழைய அரண்மனை தீக்கிரையான பின் எழுப்பப்பெற்று 1912இல் நிறைவெய்திய புதிய அரண்மனையின் வேலைப்பாட்டைக் காண்பது நோக்கமானால், தசரா நாட்கள் அதற்குப் பொருந்தா.

கூட்டம் எல்லா இடத்தும் வேண்டாத ஒன்று என நான் கூறவில்லை. ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் கோயில் தேரோட்டத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் ஒன்றாகக் கூடி வடம் பிடிப்பதைக் காண்பவன், இவ்வெல்லைப் பகுதியின் வரலாற்றையே காண்கிறான். அங்கே கூட்டமே காட்சி. ஆனால் அக்கோயிலின் கல்வெட்டையோ சிற்பத்தையோ ஆராய விரும்புவோன் வேறொரு நாள் செல்ல வேண்டும்.

நெரிசல் காண்போரை மட்டுமன்றிக் காணப்படும் பொருளையும் வருத்துகிறது. பிரான்சு நாட்டில் லாஸ்கோ என்னுமிடத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தீட்டிய விலங்கு ஓவியங்கள் நிறைந்த குகை ஒன்றை 1940ஆம் ஆண்டில் நான்கு இளைஞர்கள் கண்டுபிடித்தனர். 1948இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர் வரலாயினர். அவர்கள் எவரும் ஓவியங்களைத் தொட்டுக் கெடுக்கவில்லை. மூச்சு விட்டனர், அவ்வளவே. அம்மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரைப் பாதித்தன, பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூட நேர்ந்தது. 1983 முதல் மக்கள் காண்பது அதன் படியையே. மூச்சுக்கே இத்துணை ஆற்றல் உண்டென்றால், சுவரில் ஆணியால் பெயர் கீறும் கைக்கு எத்துணை ஆற்றல் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூட்டம் சில இடங்களைத் தேய்க்கிறது. புறக்கணிப்போ பல இடங்களைப் புதர் மூடச் செய்கிறது. ஆதலின், பெயர்பெற்ற ஓரிடத்தில் நெரிசல் மிகும் நாளில் அதன் அண்டையிலுள்ள இடங்களை நாடுவது இருவகையாலும் நலம் பயக்கும். ஓசூரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் இராயக்கோட்டை இருக்கிறது. 1791 சூலையில் மேஜர் கௌடியின் படை அம்மலைக்கோட்டையைக் கைப்பற்றியது. 1799 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸ் திரட்டிய பெரும்படை அதன் அருகே தங்கி, அங்கிருந்தே மைசூர் எல்லைக்குள் புகுந்தது. பல்லாயிரம் வீரரும், அவர்களினும் மிகுதியான சுமைமாடுகளும் ஏவலரும் அவ்வழியே சென்றனர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லெஸ்லி அன்று ஒரு கர்னலாக அப்படையில் இருந்தார். இரண்டு திங்களில், மே 4ஆம் நாள், சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். சீரங்கப்பட்டணத்தைக் காண நாள்தோறும் திரளும் மக்களுள், அதன் முடிவைத் தேடிச் சென்ற படை புறப்பட்ட இம்மலையைக் காண்போர் மிகச் சிலரே.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராசாசி பிறந்த எளிய இல்லம் நினைவகமாக விளங்குகிறது. கிருஷ்ணகிரியின் அரசு அருங்காட்சியகத்தில் இப்பகுதியின் நடுகற்களைக் காணலாம். மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த சான்றுகளால், அங்கே இரும்பின் பயன்பாடு பொது ஆண்டுக்கு முன் 2172 வரை செல்கிறது என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. இரும்பும் எந்திரமும் இன்று உழைப்பளிக்கும் இம்மாவட்டத்தில் நாலாயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட இரும்பு கிடைத்தது என்பது, நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

வேளையையும் இடத்தையும் தேர்ந்த பின் எஞ்சியிருப்பது காணும் முறை. 1792இல் பாராமகாலைப் பெற்ற ஆங்கிலேயர், அதனை ஆள அலெக்சாண்டர் ரீடு என்பவரை அனுப்பினர். அவருக்குத் துணையாக வந்தவருள் ஒருவர் தாமஸ் மன்றோ. வரி பெறுவதே அவர்கள் நோக்கமாயினும், அவர்கள் கையாண்ட முறை நாம் அறியத்தக்கது. ஏழாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று, நிலத்தை அளந்து, உழவரோடு பேசி, கண்டவற்றை எழுதினர். இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. நமக்கு ஏழாண்டு வேண்டா. ஒரு காலைப்பொழுது போதும். மாணவரை அழைத்துச் செல்லும்போது நான் அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரைப் பாதையின் வளைவுகளை வரையவும், ஒரு குழுவினரைச் சுனைகளை எண்ணவும், மற்றொரு குழுவினரை மதிலின் கற்கள் பொருந்தியுள்ள வகையைக் குறிக்கவும் பணிப்பதுண்டு. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு இடத்தில் நிற்பதால் நெரிசல் எழாது. முன்னரே படித்துச் சென்றமையால் விளக்கப் பலகையின் முன் முண்டியடிக்கவும் வேண்டாதாயிற்று.

மாணவ மாணவியரே, நீங்களும் அடுத்த முறை புறப்படுமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே எதனைக் காணப் போகிறேன்? அதனை நன்கு காண ஏற்ற நாளும் வேளையும் எவை? அதற்கு அருகே எவரும் செல்லாத இடம் யாது? விடைகளை ஒரு தாளில் எழுதி, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டி, நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லுங்கள். மலையேறும் இடங்களில் பெரியவர் ஒருவர் உடன் வரட்டும், குடிநீரை மறவாதீர்கள். 1791இல் ஒரு படையைத் திருப்பியனுப்பிய அவ்வொடுங்கிய வழி, நின்று நிதானித்து ஏறும் உங்களுக்குத் தன் வரலாற்றைத் தானே உரைக்கும்.