ஏறு தழுவுதலும் ஏற்பாட்டாளரும்

தைத்திங்களின் இரண்டாம் நாள் மாலைப் பொழுதில் திண்டிவனத்தையோ விழுப்புரத்தையோ சுற்றியுள்ள சிற்றூர்களுள் ஒன்றிற்குச் சென்று பாருங்கள். காலையிலேயே ஏரியில் குளிப்பாட்டப் பெற்ற மாடுகள், கொம்புக்கு வண்ணமும் கழுத்துக்கு மாலையும் பெற்று, ஊர்ப் பொதுவிடத்தில் வந்து நிற்கும். சிறிது நேரத்தில் பறை முழங்கும். மாடுகள் விரட்டப்படும். இளைஞர் ஆர்ப்பரிப்பர். திண்டிவனம் என்னும் பெயருக்கே புளியங்காடு என்று பொருள் கூறுவர். அதற்கேற்ப, எஞ்சியுள்ள புளியமரக் கிளைகளிலெல்லாம் சிறுவர்கள் காய்போலத் தொங்கிக்கொண்டிருப்பர்.

இக்காட்சியில் நம் கண் முதலில் செல்வது காளையின் மீது. அடுத்துச் செல்வது அதன் பின்னே ஓடும் காளையின் மீது, அதாவது இளைஞன் மீது. புலவர் பாடியதும் இவ்விருவரையே. நூலோர் எழுதியதும் இவ்விருவரையே. ஆனால் மூன்றாமவர் ஒருவர் உண்டு. வேலி கட்டியவர், தண்ணீர்த் தொட்டி நிரப்பியவர், கூட்டத்தை ஒதுக்கி நிறுத்தியவர், அடிபட்டவனைத் தூக்கிச் சென்றவர் ஆகிய ஏற்பாட்டாளரே அவர். இன்று அவருடைய வரலாற்றைச் சிறிது பேச விரும்புகிறேன்.

ஆடுமாடுகளைச் செல்வமாகக் கருதிய நாடு நம்முடையது. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்பது பொருள். நமக்கு அண்மையிலுள்ள செங்கம் வட்டாரத்தில் ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மடிந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் மிகப் பல. அவற்றைத் தொகுத்து 1972ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை ஒரு நூலாக வெளியிட்டது. விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர் செல்லும் சாலையில் உள்ள கீழ்வாலைப் பாறையில், வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் செவ்வண்ணத்தால் தீட்டிய மனித உருவங்களும் விலங்குருவங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. இன்னும் பின்னோக்கிச் சென்றால் மொகஞ்சதாரோ முத்திரை ஒன்று, காளையொன்று மனிதர் பலரைத் தூக்கி எறியும் காட்சியைக் காட்டுகிறது. அது புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆயினும் ஏறு தழுவுதலை விரிவாகவும் தெளிவாகவும் கூறுவது கலித்தொகையின் முல்லைக்கலியே. சோழன் நல்லுருத்திரன் பாடியன என்று கூறப்படும் 17 பாடல்கள் அப்பகுதியில் உள்ளன. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்தமையால் அது நமக்குக் கிடைத்தது. அப்பாடல்களை மீண்டும் படிக்கும்போது, வீரத்தோடு வேறு ஒன்றையும் தேடிப் பாருங்கள். காளைகளை அடைப்பதற்குத் தொழு உண்டு. மகளிர் இருந்து காண்பதற்குப் பரண் உண்டு. தொழுவினுள் பாயுமுன் இளைஞர், நீர்த்துறையிலும் ஆலமரத்தடியிலும் உறையும் தெய்வங்களை வணங்குவதும் உண்டு. தொழுவும் பரணும் தாமே முளைத்திருக்குமா? மரம் வெட்டியவர் யார்? கால் நட்டவர் யார்? அவர் பெயரைப் பாடல் கூறவில்லை. பெயர் கூறாவிடினும் அவர் இருந்தார் என்பதற்கு அந்தப் பரணே சான்று.

விளையாட்டில் வென்றவனைப் பாட்டு நினைவில் வைத்தது. வீழ்ந்தவனைக் கல் நினைவில் வைத்தது. சேலம் மாவட்டத்து மலைப்பகுதியான கருமந்துறையில் கிடைத்த நடுகல் ஒன்று, எருது விளையாடி இறந்த சங்கன் என்பவனுக்காக அவன் மகன் நட்டது. கல்வெட்டில் இரண்டொரு வரிகளே உள்ளன. அவற்றைப் படிக்கும்போது வீரத்தின் பெருமிதத்தைக் காட்டிலும், தந்தையை இழந்த பிள்ளையின் துயரமே என் நெஞ்சில் நிற்கிறது.

காலம் செல்லச் செல்ல இவ்விளையாட்டு இடத்துக்கோர் உருவம் பெற்றது. கொம்பில் சல்லிக்காசு முடிப்பைக் கட்டி, அதை அவிழ்ப்பவனுக்கே அது உரியது என்று வைத்தமையால் சல்லிக்கட்டு என்னும் பெயர் வந்தது என்பர். அதுவே வழக்கில் ஜல்லிக்கட்டு ஆயிற்று. மதுரைப் பக்கத்தில் வாடிவாசல் என்னும் குறுகிய வாயில் வழியாகக் காளையை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவர். சிவகங்கைப் பக்கத்தில் திறந்த வெளியில் விடுவது மஞ்சுவிரட்டு. நீண்ட வடத்தில் காளையைப் பிணைத்து, வட்டத்துக்குள் ஒரு குழுவினர் அதனை அடக்க முயல்வது வடமாடு. வேலூர், திருவண்ணாமலை, கிருட்டிணகிரிப் பகுதிகளில் தெருவழியே காளையை ஓடவிட்டு, குறைந்த நேரத்தில் எல்லையைக் கடந்த காளைக்குப் பரிசளிப்பது எருது விடும் விழா. நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பெரிய வாடிவாசல்கள் இல்லை. மாட்டுப் பொங்கல் மாலையில் ஊரளவில் மாடு விரட்டுவதே நம் வழக்கம்.

‘ஊரளவில்’ என்றேன். அச்சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரிய விழாவுக்கு எல்லோரும் அஞ்சி ஏற்பாடு செய்வர். சிறிய விழாவுக்கு யாரும் அஞ்சுவதில்லை. நான் இளம் ஆசிரியனாகப் பணியேற்ற காலத்தில், இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். எட்டாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் மாடு விரட்டுவதைப் பார்க்கச் சென்றான். அவன் மாட்டைத் தொடவும் இல்லை. தொட நினைக்கவும் இல்லை. ஒரு சந்தின் சுவரோரம் நின்றிருந்தான். எங்கோ ஓர் அதிர்வேட்டு வெடித்தது. மிரண்ட மாடு கூட்டத்தைக் கண்டு மேலும் மிரண்டு, திறந்திருந்த ஒரே வழியாகிய அந்தச் சந்துக்குள் பாய்ந்தது. மாணவனின் தொடையெலும்பு முறிந்தது. தூக்கிச் செல்ல வண்டி இல்லை. ஒரு வீட்டின் கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்திச் சாலைவரை கொண்டு சென்றனர். அவன் அவ்வாண்டு பள்ளிக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

அந்த மாட்டின் மீது குற்றம் இல்லை. அஞ்சிய உயிர் திறந்த வழியில் ஓடும்; அது இயற்கை. சந்தின் வாயிலில் இரண்டு மூங்கில்களைக் குறுக்கே கட்டியிருந்தால் போதும். கட்டுவது யார் வேலை என்று எவரும் கேட்கவில்லை. விடுமுறைக்கு முதல் நாள், “பார்த்துப் போய் வாருங்கள்” என்று மட்டும் வகுப்பில் கூறி அனுப்பிய ஆசிரியனாகிய நானும் கேட்கவில்லை. அன்று முதல், விழா என்று யாரேனும் கூறினால், வேலி எங்கே என்று கேட்பது என் வழக்கமாயிற்று.

இத்தகைய பாடத்தை நாம் மட்டும் கற்கவில்லை. ஸ்பெயின் நாட்டில் பாம்ப்லோனா என்னும் நகரம் உண்டு. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் அந்நகரத் தெருக்களில் ஏறத்தாழ 850 மீட்டர் தொலைவுக்குக் காளைகள் ஓட, அவற்றின் முன்னே மக்கள் ஓடுவர். 1939ஆம் ஆண்டில் ஒரு காளை வேலியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து ஒரு பெண்ணைக் குத்தியது. அதன் பின்னரே ஒற்றை வேலி இரட்டை வேலியாயிற்று. ஓடுபவன் ஒதுங்கவும், மருத்துவ உதவியாளர் நிற்கவும் இரு வேலிகளுக்கிடையே இடம் கிடைத்தது. அமெரிக்காவில் மாடு மேய்ப்போர் தம் தொழில்திறனைக் காட்டும் ரோடியோ என்னும் விழா உண்டு. வயோமிங் மாநிலத்துச் செயென் நகரில் 1897ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தகைய விழாவை, இன்றும் ஊர் மக்களே பெருந்தொகையினராகத் தொண்டர்களாய்ச் சேர்ந்து, குழுக்களாகப் பிரிந்து நடத்துகின்றனர். விழா முடிந்ததும் அவர்கள் ஓய்வதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஆயத்தமாகத் தொடங்கி விடுகின்றனர்.

நம் நாட்டில் ஏற்பாடு என்பது சட்டமாக உருவெடுத்த வரலாறு நெடிது. விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1960ஆம் ஆண்டில் பிறந்தது. தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டில் ஜல்லிக்கட்டினை முறைப்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. 2011ஆம் ஆண்டில் நடுவண் அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. வாலை முறுக்குதல், எரிச்சலூட்டும் பொருளைக் கண்ணில் இடுதல் முதலிய கொடுமைகள் நீதிமன்றத்தின்முன் எடுத்துரைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் மாணவரும் இளைஞரும் இரவு பகலாகத் திரண்டனர். அவ்வாண்டே மாநில அரசு அவசரச் சட்டமும், பின்னர்த் திருத்தச் சட்டமும் விதிமுறைகளும் கொணர்ந்தது. அச்சட்டத்தை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இவ்வரலாற்றில் இரு தரப்பாரும் கூறியதில் உண்மை உண்டு என்பதை நீங்கள் உணர வேண்டும். காளையைப் பிள்ளைபோல் வளர்ப்பவர், “இவ்விழா இல்லையேல் புலிக்குளம் போன்ற நாட்டினக் காளைகளை வளர்ப்பார் யார்?” என்று கேட்டனர். வாயற்ற உயிருக்காகப் பேசியவர், “வளர்ப்பவன் அன்பு வாடிவாசலில் எங்கே போயிற்று?” என்று கேட்டனர். இரண்டு வினாக்களுக்கும் விடை கூறும் கடமை ஏற்பாட்டாளரைச் சார்ந்தது.

அவ்விடை எவ்வாறு அமைகிறது என்பதை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மதுரை ஊர்களில் காணலாம். அங்கு விழாவின் முதற்பணி முகூர்த்தக்கால் நடுதல். அதன் பின் தச்சர் வாடிவாசலைச் செப்பனிடுவர். இருமருங்கும் தடுப்புவேலி எழும். பார்வையாளரைப் பிரிக்கும் வேலி இரட்டையாகவும், எட்டடி உயரத்துக்குக் குறையாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. விழுபவனுக்கும் காளையின் காலுக்கும் அடிபடாதிருக்கத் தரையில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்புவர். காளையைத் தழுவும் களம் 50 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காளைக்கு 20 நிமிடமேனும் ஓய்வும், நிழலும், தீவனமும், நீரும் தருதல் வேண்டும். கால்நடை மருத்துவர் காளையைச் சோதிப்பார். மற்றொரு மருத்துவர் வீரனைச் சோதிப்பார். திமிலைத் தவிர வாலையோ கொம்பையோ காலையோ பிடித்தல் ஆகாது. வருவாய்த்துறை, காவல்துறை, பொதுப்பணித்துறை, தீயணைப்புத்துறை ஆகிய அனைத்தின் அலுவலரும் ஊர்த் தொண்டரோடு தோள் சேர்ந்து நிற்பர். ஓடி முடித்த காளைகளைப் பிடித்துச் சேர்க்கும் இடத்திலும் ஆட்கள் வேண்டும். கைதட்டல் கேட்காத அவ்விடத்திலேதான் உரிமையாளரும் வேடிக்கை பார்ப்போரும் குத்துப்படுவது மிகுதி.

காளை வளர்ப்போரின் ஆயத்தமோ மாதக்கணக்கில் நீள்கிறது. நடைப்பயிற்சி, நீச்சல், மண்மேட்டைக் கொம்பால் குத்தும் பயிற்சி ஆகியவை ஒருபுறம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மறுபுறம். ஏழை வீட்டுப் பெண்மணி தான் உண்ணும் உணவைக் குறைத்துக் காளைக்கு ஊட்டுவதும் உண்டு.

2024ஆம் ஆண்டு சனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், ஏறு தழுவுதலுக்கென்றே அரசு பெரியதோர் அரங்கத்தைத் திறந்தது. முல்லைக்கலியின் மரப்பரண் கற்கட்டடமாக வளர்ந்து விட்டது எனலாம். ஆயினும் தை பிறந்தால் உயிரிழப்புச் செய்திகள் வருவது இன்னும் நின்றபாடில்லை. முறையான வேலியின்றி, இசைவு பெறாமல் நடக்கும் இடங்கள் இன்னும் உள்ளன. விதி தாளில் இருப்பது வேறு. மூங்கில் சந்தில் இருப்பது வேறு.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர்க்குக் காளையைத் தழுவும் ஆசை இருக்கலாம். பலர்க்கு அது இயலாது, இயலாமை இழிவன்று. ஆனால் தொண்டனாக நிற்பது எவர்க்கும் இயலும். உங்கள் ஊரில் மாடு விரட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே நால்வர் சேர்ந்து தெருவைச் சுற்றி வாருங்கள். எந்தச் சந்து திறந்திருக்கிறது, எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இல்லை, அடிபட்டவரை ஏற்றிச் செல்ல வண்டி எங்கே நிற்கும், வேட்டு வெடிப்பதைத் தடுப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பெரியவர்களிடம் கொடுங்கள். சாதியும் தெருவும் பாராமல் எல்லாரையும் அப்பணிக்கு அழையுங்கள். ஏனெனில் ஓடிவரும் மாடு எவர் தெரு என்று பார்ப்பதில்லை.

அன்று கால் முறிந்த மாணவனைப் பல்லாண்டுகள் கழித்துத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கண்டேன். சிறிது சாய்ந்து நடந்தார். என்னை அடையாளம் கண்டு வணங்கி, “ஐயா, எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கலன்று சந்துகளுக்குக் கழி கட்டுவது இப்போது என் பொறுப்பு” என்றார். முல்லைக்கலியில் பரண் கட்டியவனின் பெயரை நாம் அறியோம். அவன் மரபில் வந்தவர் ஒருவரை அன்று நேரில் கண்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.