மண்டபம் முகாமும் மனைவியின் குடியுரிமையும்

ராமேஸ்வரத்துக்கு அருகே, இலங்கையிலிருந்து வந்தவர்கள் தங்கிய மண்டபம் முகாமைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எண்களையே எழுதியிருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. இந்தக் கணக்கில் இருந்த ஒரு மனைவி எந்த நாட்டுக்காரி என்பதை யார், எந்தக் காகிதத்தில் தீர்மானித்தார்கள்? இதைத்தான் நான் தேடினேன்.

முதல் தடயம் குடும்ப அட்டை. தாயகம் திரும்பியோருக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது அது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கியவர்களுக்கு வேலையும் கடனும் மறுவாழ்வும் அந்த அட்டையை வைத்தே கிடைத்தன. அட்டை குடும்பத் தலைவரை முன்வைத்து எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் அவருக்குக் கீழே வந்தார்கள். ஆனால் அட்டை கடைசிக் காகிதம். கணவர் இந்தியர் என்று முன்பே முடிவாகிவிட்டதால் எழுதப்பட்டது. ஆகவே பின்னோக்கிப் போனேன்.

போய் நின்ற இடம் இலங்கையின் 1949-ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள், 1951 ஆகஸ்ட் 5 வரை. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இதுவரை எல்லா வரலாற்று நூல்களிலும் உண்டு. ஆனால் மணமான ஆணுக்கு அந்தச் சட்டம் இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தது. மணமாகி ஓராண்டுக்குள் மனைவி இலங்கைக்கு வந்து, விண்ணப்ப நாள் வரை இடைவிடாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளும் பிறந்து ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

ராமநாதபுரத்துக் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனை என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஆண்கள் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். மனைவி ஊரில் மாமியாரோடும் நிலத்தோடும் இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்களும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தார்கள். நல்லது கெட்டதுக்கு வந்து, பிள்ளை தேறும்வரை தங்கினார்கள். போட் மெயில் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் ஓடிய அந்த நாளில், 1948-ன் குடிவரவுச் சட்டம் வரும்வரை, அக்கரையை யாரும் வெளிநாடாக நினைக்கவில்லை. அந்தப் போக்குவரத்துதான் பிறகு கணவனின் மனுவுக்கு எதிரான சான்றாயிற்று. அவள் தாய்வீட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் அவன் இலங்கைக்காரன் ஆக முடியாது. அவன் ஆகாவிட்டால் அவன் மனுவில் சேர்ந்திருந்த அவளும் ஆக முடியாது. சுமார் 8,25,000 பேருக்காகக் குடியுரிமை கேட்கப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

இதற்கு முந்தைய அடுக்கு 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே வந்தது. மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் தாயின் வழி கணக்கில் எடுக்கப்பட்டது. தாலி கட்டிக்கொண்ட தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாததை, மணமாகாத தாய் கொடுக்க முடிந்தது. ஒரு பெண்ணிடமிருந்து திருமணம் எதைப் பறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இக்கரையும் வேறாக இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. தாயும் போதும் என்ற திருத்தம் 1992-ல் வந்தது, இலங்கையில் 2003-ல். இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண் பதிவு செய்து இந்தியராகலாம். இந்தியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்த வழி இல்லை. மனைவி கணவன் வீட்டுக்குப் போகிறவள் என்ற ஊர் வழக்கத்தைச் சட்டம் அப்படியே எழுதிக்கொண்டது.

1986-ன் திருத்தம் அந்த வழியை இருபாலாருக்கும் பொதுவாக்கியது. அதைப் பெருவெற்றி என்றே எழுதியிருப்பேன், முழுத் திருத்தத்தையும் படிக்காமல் இருந்திருந்தால். அதே திருத்தம் ஐந்தாண்டு வசிப்பையும் கட்டாயமாக்கியது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், இங்கே பிறந்த குழந்தை இந்தியர் இல்லை என்றும் ஆக்கியது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் தமிழ் அகதிகள் ராமேஸ்வரத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

பிரிட்டனிலும் இதே கதை. கணவரை அழைத்துவர முடியாத மூன்று பெண்கள் தொடுத்த அப்துல்அஸீஸ் வழக்கில், 1985 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பால் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் அரசு ஆண்களுக்கு இருந்த சலுகையைப் பெண்களுக்கு நீட்டவில்லை, இருவருக்கும் கடினமாக்கியது. அந்தச் சமத்துவத்தை நான் சமத்துவமாக ஏற்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்து அரிச்சல்முனையில் இறங்கியவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அவரை மணக்கும் ராமேஸ்வரத்துப் பெண் இந்தியராக இருந்தும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர முடியவில்லை. பெண் முகாமிலிருந்தும் ஆண் ஊரிலிருந்தும் வந்தாலும் அதே கதிதான். அகதியாக வந்தவருக்கு, இப்போது ஏழாண்டாக உயர்ந்திருக்கும் வசிப்புக் காலம் நிறைவேறினாலும் திருமணத்தின் வழியே பதிவு இல்லை. சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு விலக்கு அளித்த 2019-ன் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் என்று சொன்னது. தந்தை யார், கணவர் யார் என்பதை நம்பி அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பிறந்த இடமும் தேதியும் கொண்ட ஒரு பிறப்புச் சான்றிதழ் போதுமானதாக இருந்தது.

1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் மண்டபத்திலோ இந்தியாவின் வேறெந்த ஊரிலோ பிறந்து, இன்னும் அகதி என்று எழுதப்படுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிறப்புப் பதிவேட்டில் தேடித் தரக் கேளுங்கள்.