பண்டிகைச் செலவும் ஆச்சிமார் பணமும்

செட்டு என்னும் சொல்லுக்கு வாணிகம் என்பது ஒரு பொருள். சிக்கனம் என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அமைந்திருப்பது நம்மவர் வாழ்க்கைக்கு மிகவும் பொருந்துவதாம். ஆயினும் ஐப்பசி முதல் தை ஈறாக உள்ள நான்கு திங்களிலும் இரண்டாவது பொருள் நம் இல்லங்களை விட்டு அகன்று விடுகின்றது. தீபாவளி, திருக்கார்த்திகை, பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவன போதாவென்று, மகளைக் கொடுத்த வீட்டாருக்குச் செய்யவேண்டிய முறைகளும் உடன் வந்து சேர்கின்றன. இச்செலவுகளுக்கு நம் முன்னோர் எங்ஙனம் பொருள் சேர்த்தனர், சேர்த்ததை எங்கே வைத்தனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நகரத்தார் வழக்கங்களுள் ‘வேறு வைத்தல்’ என்பது ஒன்று. மகனுக்கு மணம் முடிந்தபின் அவனும் அவன் மனைவியும் அதே வீட்டில் வாழ்வர். ஆனால் அடுப்பு வேறு. ஆண்டொன்றுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுத்துவிடுவர். 1909-இல் வெளியான தர்ஸ்டன் துரையின் சாதிகளைப் பற்றிய பெருநூலும் இவ்வழக்கத்தைக் கூறுகின்றது. புறத்தார்க்கு இது பாசக் குறைவாகத் தோன்றலாம். உண்மை அதுவன்று. பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, ஓராண்டு முழுமைக்கும் உரிய வரவை ஒரே நாளில் கையில் வாங்கி, தீபாவளி எண்ணெய் முதல் பொங்கற் பானை வரை அதற்குள்ளே அடக்கப் பழகினாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதனை யொத்த பாடம் நடந்ததில்லை; பள்ளிக்கூடத்தில் உழைப்பவனாகிய நானே இதனைச் சொல்லுகின்றேன். கணவன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கச் சென்றால் மூன்றாண்டு கழித்தன்றோ திரும்புவான்? அவ்வளவு காலமும் இல்லத்தின் நாளேடும் பேரேடும் அவளே.

மிஞ்சியது அவளுடையது. அதனைப் பிற இடங்களிற் சிறுவாடு என்று சொல்லித் தானியக் குதிரிலும் அஞ்சறைப்பெட்டியிலும் மறைப்பர். நம்மவரோ அதனைக் கடையில் இட்டு வட்டிக்கு விட்டனர். சீர்ப்பணத்தோடு சேர்ந்து ‘ஆச்சிமார் பணம்’ என்னும் தனித் தலைப்பில் அது கடைக் கணக்கில் ஏறியது. முதலாளியின் முதற்பணம் வேறு, ஆச்சிமார் பணம் வேறு. இரங்கூனில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ஆம் நாள் மாலை கோயிலிற் கூடி நடப்பு வட்டி இன்னதென்று நகரத்தார் தீர்மானிப்பது வழக்கமாயிருந்தது. செட்டிநாட்டு வீட்டில் அடுப்படியில் இருந்த ஒரு பெண்ணின் பண்டிகை மிச்சம், கடல் கடந்த அக்கூட்டத்தின் சொல்லால் வளர்ந்தது என்பது வியப்பன்றோ!

பிள்ளையார் நோன்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். திருக்கார்த்திகை முதல் 21 நாள் எண்ணி, 21 இழை திரித்து, மாவில் ஏற்றிய சுடரோடு இழை எடுத்துக் கொள்ளும் இந்நோன்புக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆயினும் நகரத்தார் கூடி நோற்கும் இடங்களில் உப்பு போன்ற எளிய பொருளும் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும். அப்பணம் பொதுக் காரியத்துக்குச் சேரும். செலவாகத் தோன்றுவதே வரவாக அமைந்த பண்டிகை இஃது ஒன்றே என்பது என் கருத்து.

இனி, சேர்த்த பணம் அழிந்த வரலாறு. சென்னையில் பேர்பெற்று விளங்கிய ஆர்பத்நட்டுக் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், ஐப்பசி மாதத் தொடக்கத்தில், கதவடைத்தது. உபகாரச் சம்பளக்காரரும் கைம்பெண்களும் இட்டுவைத்த தொகைகள் அதில் அகப்பட்டன. அதன் தலைவர் ஜார்ஜ் ஆர்பத்நட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதனால் பணம் திரும்பி விடுமோ? அவ்வடியின் பின்னரே வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியாலும் நகரத்தார் துணையாலும் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. கானாடுகாத்தான் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடத்தும் ஒருங்கே திறக்கப்பெற்றது.

எனினும் நம்மவர்க்கு நேர்ந்த பேரிடி வெளியார் கம்பெனியால் வந்ததன்று. சொந்தக் கடையால் வந்தது. 1930-இல் வெளிவந்த பர்மா வங்கி விசாரணை அறிக்கை அந்நாட்டிலிருந்த நம்மவர் பொருளைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அவ்வமயம் நெல்விலை வீழ்ந்தது. கடன் பட்ட உழவர் நிலத்தைக் கொடுத்தனர். நெல் மிகுதியாக விளையும் 13 மாவட்டங்களில் நம்மவர் கைப்பட்ட நிலம் 1930-இல் நூற்றுக்கு 6. 1938-இல் நூற்றுக்கு 25. வட்டியாய் வரவேண்டியது வயலாய் நின்றது. 1942-இல் சப்பானியர் புகுந்தபின் அவ்வயலும் எட்டாததாயிற்று. முதற்பணமும் ஆச்சிமார் பணமும் ஏட்டில் வேறு வேறாயினும், பெட்டி ஒன்றாகவே இருந்தது. நகையையும், பெண் பிறந்த நாள் முதல் விலை நயமான காலத்திற் சிறுகச் சிறுக வாங்கி அடுக்கிய பாத்திரங்களையும் விற்று உண்ட குடும்பங்கள் பல. சீர் பரப்பும் ஆடம்பரத்தை நான் இகழ்வதுண்டு; அந்நாளில் கஞ்சி வார்த்தது அப்பித்தளையே என்பதையும் மறைத்தல் தகாது.

இக்காலத்தில் நம் கண்டனூரிலும் அடுத்த புதுவயலிலும் தீபாவளிச் சீட்டு என்று வாரந்தோறும் பணம் தண்டுவோரைக் காண்கின்றோம். ஐப்பசியில் இனிப்பு, பட்டாசு, வெள்ளிக்காசு தருவதாகச் சொல்வர். அறிமுகமானவர் என்பதே பலருக்குப் போதிய பிணையாக இருக்கின்றது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டுச் சட்டப்படி சீட்டு நடத்துவோர் பதிவாளரிடம் முன் அனுமதி பெற்று, பிணைப் பொருளும் கட்டவேண்டும். பதிவு எண் யாதென்று கேட்க நம் பெண்மக்கள் கூசுகின்றனர். கடைக்கணக்கை ஐந்தொகை போட்டுப் பார்த்த ஆச்சிமாரின் பேர்த்திகளுக்கு இக்கூச்சம் எங்கிருந்து வந்ததோ, அறியேன். ஏமாந்தோர் பொருட்டுத் தமிழ்நாட்டரசு 1997-இல் தனிச்சட்டமே இயற்றியுள்ளது. அச்சட்டப்படி வழக்கு முடிந்து பணம் கைக்கு வருமுன் பல தீபாவளிகள் கழிந்துவிடும்.

வங்கி வைப்புக்கோ 2020 முதல் ஒருவர்க்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாதந்தோறும் ஒரு தொகை கட்டும் 12 திங்கள் தவணை வைப்பைப் புரட்டாசியில் தொடங்கினால் அது மறு புரட்டாசியில் முதிரும். காரைக்குடிக் கடைகளில் தீபாவளிச் சரக்கு ஏறுமுன் பணம் கையில் இருக்கும்.