கூட்டுக்குக் காவல் உண்டு, இரைக்கு இல்லை: வேட்டங்குடி சரணாலயத்தை முன்வைத்து

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில், மதுரை செல்லும் சாலையை ஒட்டி இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர், ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 95. தீபாவளி வந்தால் இந்த ஊர்களின் பெயர் செய்தித்தாளில் வரும். கூட்டில் இருக்கும் பறவை மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாக இங்கே யாரும் வெடி போடுவதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் அதே கட்டுப்பாடுதான். வனத்துறை ஊராருக்கு இனிப்பு கொடுக்கும். இதெல்லாம் உண்மை, பாராட்டுக்குரியதும்கூட. ஆனால் ஒரு நாள் செய்தி மற்ற நாள்களின் சிக்கலை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேட்டங்குடிக்கு ‘வெளிநாட்டுப் பறவைகள்’ வருவதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. இங்கே கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். தண்ணீரையும் இரையையும் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம் போகும், வரும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற உண்மையான வலசைப் பறவைகள் இனப்பெருக்கத்தை வடக்கே முடித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் தமிழகக் கண்மாய்களில் தங்குபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க முடியாது. விருந்தாளிக்குத் தங்க இடம் கொடுத்தால் போதும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்கு மாதக்கணக்கில் சாப்பாடும் போட வேண்டும்.

அந்தச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதைச் சற்று நின்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். காலால் சேற்றைக் கிளறும். அலகில் மீன் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதைவிடத் தொடு உணர்ச்சியையே அது நம்பியிருக்கிறது. ஆழத் தண்ணீரில் இந்த வித்தை செல்லாது. நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். வயல் நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுக்க ஏற்ற கருவி. அதற்கு நெல்வயல்தான் சமையற்கட்டு. ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் மூன்று சிறு கண்மாய்கள் இரை தந்து கட்டுப்படியாகாது. காலையில் கிளம்பும் பறவை சுற்று வட்டாரக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும்தான் போகிறது.

அங்கேதான் சட்டம் கைவிடுகிறது. சரணாலய எல்லைக்குள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. எல்லை தாண்டினால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் கைகொடுக்கும் என்று நினைப்போம். அந்த விதிகளின் வரையறையோ நெல்வயலையும், பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலையையும் ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இவ்வட்டாரக் கண்மாய் எதற்காக வெட்டப்பட்டது? பாசனத்துக்குத்தான். ஆக நாரை மேயும் இடங்கள் பெரும்பாலும் ஈரநிலமே அல்ல என்றாகிறது. ஈரநிலங்களைக் காக்க 1971இல் உருவான ராம்சர் உடன்படிக்கை செயற்கை நீர்நிலைகளையும் ஈரநிலமாகவே ஏற்கிறது. நெல்வயலின் உயிர்ச்சூழலுக்கென்றே 2008இல் அதன் உறுப்பு நாடுகள் ஒரு தீர்மானமும் நிறைவேற்றின. பக்கத்து இராமநாதபுரத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சர் பட்டியலில் ஏறியவை, இரண்டும் கண்மாய்களே. நம் விதியோ வெட்டியவன் நோக்கத்தைப் பார்க்கிறது, வந்து மேயும் உயிரைப் பார்ப்பதில்லை.

தூர்வாருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிமராமத்து வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் கலுங்கு வரை தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாத ஆண்டில் நாரையும் வராது, நடவும் நடக்காது. இதில் உழவருக்கும் பறவைக்கும் ஒரே தேவைதான். ஆனால் பொக்லைனை இறக்கிக் கண்மாயின் உள்வாயில் சவுட்டு மண்ணைக் குழிகுழியாக அள்ளுவது தூர்வாருதல் ஆகாது. கரையிலிருந்து நீர்பிடிப்புப் பக்கம் படிப்படியாக மேடேறும் பழைய தரை அமைப்பில், தண்ணீர் வற்ற வற்ற முழங்கால் ஆழம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நாரையும் அதன் பின்னாலேயே நகர்ந்து மேயும். செங்குத்துக் குழியில் அந்த ஆழம் எங்கேயும் அமைவதில்லை. கோடையில் தண்ணீர் சுண்டியதும் ஊர்கூடி ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக் கண்மாயில் இறங்குகிற மீன்பிடித் திருவிழாவைச் சிலர் பறவைக்குப் பகை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குள் கூட்டுப் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் பந்தி பறவைக்கு, அடுத்த பந்தி மனிதருக்கு.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தோடு ஒப்பிட்டால் வேட்டங்குடியின் குறை துலங்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்ட அவ்வூரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றதாக வரலாறு. பின்னர் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் வரை சரணாலயமாக்கப்பட்டது. 2020இல் அதைச் சுருக்க முன்மொழிவு வந்தபோது எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம், அந்த வெளிவட்டத்து ஏரிகளும் வயல்களும்தான் பறவைக்கு இரைக்களம் என்பதே. வேட்டங்குடிக்கு 38.4 ஹெக்டேரே கணக்கு. இங்கும் ஐந்து கிலோமீட்டரை வளைத்துச் சரணாலயமாக்கச் சொல்லவில்லை. உழவர் தலையில் கட்டுப்பாடுகளை ஏற்றினால் இன்றுள்ள நல்லுறவும் கெடும். சுற்றுக் கண்மாய்களின் வரத்துக்கால்களையும் தரைச் சரிவையும் காப்பது, சவுட்டு மண் அனுமதிக்கு முன் வனத்துறையைக் கேட்பது, இவ்விரண்டையும் நிர்வாக ஆணையாலேயே செய்யலாம். அதற்கு எந்தக் கண்மாயில், எந்த வயலில், எந்த மாதத்தில் எந்தப் பறவை மேய்கிறது என்ற வரைபடம் கையில் வேண்டும். காரைக்குடி, திருப்பத்தூர் கல்லூரிகளில் விலங்கியலும் புவியியலும் படிக்கும் மாணவர்கள் வரும் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை அந்தக் கணக்கை எடுக்க முன்வர வேண்டும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதைக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.