நௌலிக்கு எக்ஸ்ரே எடுத்தவர்

ஹடயோகத்தில் வஸ்தி என்றொரு கிரியை உண்டு. தொப்புள் அளவு தண்ணீரில் குந்தி, ஆசனவாயில் சிறு குழாயைச் செருகிக்கொண்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வயிற்றுத் தசையை நடுவில் தூண்போலத் திரட்ட வேண்டும். இந்தத் திரட்டலுக்கு நௌலி என்று பெயர். திரட்டியதும் தண்ணீர் தானாகக் குடலுக்குள் ஏறும். ஏன் ஏறுகிறது என்றால், உடம்பின் கீழ்ப்பகுதியில் இயங்குவதாகச் சொல்லப்படும் அபான வாயு இழுக்கிறது என்பார்கள். அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாத ஒரு மராட்டிய வாத்தியாரால்தான் யோகாவுக்கு ஓர் ஆய்வுக்கூடம் வாய்த்தது.

அவர் ஜகந்நாத் கணேஷ் குணே. 1883இல் குஜராத்தின் டபோயில் பிறந்தவர். அமல்நேரில் தேசியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். உடற்பயிற்சியை பரோடாவில் மாணிக்ராவிடமும், யோகத்தை நர்மதைக் கரை மால்சரில் இருந்த பரமஹம்ச மாதவதாசரிடமும் கற்றார். பிற்காலத்தில் சுவாமி குவலயானந்தர் ஆனார்.

1920ஐ ஒட்டி, பரோடா மருத்துவமனை ஒன்றில் நௌலி செய்பவரின் வயிற்றை எக்ஸ்ரே எடுக்க வைத்தார். குடலுக்குள் குழாய் விட்டு, மறுமுனையைப் பாதரச அழுத்தமானியில் இணைத்தும் பார்த்தார். நௌலியின்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தது. தண்ணீர் ஏறியதற்குக் காரணம் அவ்வளவுதான், வெற்றிடம். குருவின் பெயரிலேயே அதை ‘மாதவதாஸ் வெற்றிடம்’ என்று அழைத்தார். பழைய விளக்கம் அடிபட்டுப்போன இடத்தில் குருவின் பெயரைப் பொறித்தது எனக்குப் பிடித்த குறும்பு. அவர் அதை முழு பக்தியோடுதான் செய்திருப்பார்.

1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ‘யோக மீமாம்சா’ காலாண்டிதழ் வந்தது. எக்ஸ்ரே படங்களும் அளவீடுகளும் அதில் அச்சாயின. 1927இல் ரத்தக் கொதிப்பால் படுத்த காந்தி, எந்த ஆசனம் செய்யலாம் என்று இவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்.

ஆய்வுக்கூடம் வைத்தவர் தன் சரக்கைப் புகழத்தான் வைப்பார் என்று நினைப்போம். மூச்சை ஆழ இழுத்தால் உடம்பில் பிராணவாயு பெருகும் என்ற நம்பிக்கை அன்றும் பலமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. குவலயானந்தரின் அளவீடு அதை ஆதரிக்கவில்லை. பிராணாயாமத்தின் பலன் பிராணவாயுவில் இல்லை, நரம்பு மண்டலத்தில் இருக்கிறது என்று எழுதினார். பின்னாளில் இன்னொரு நம்பிக்கையும் அளவீட்டில் நிற்கவில்லை: இதயத்தையே நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை 1957இல் வெங்கர், பாக்சி என்ற ஆய்வாளர்கள் இந்தியா வந்து சோதித்தார்கள். நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை, ஈசிஜியில் இதயம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

குவலயானந்தர் நரம்பு மண்டலத்தைச் சுட்டியது சரியான திசைதான். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத் துடிப்பு சற்றே தணியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாக விட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். பதற்றம் தணிவதற்கு அது ஒரு வழி. மன அழுத்தம் நீண்டால் உடம்பில் அழற்சியும் நீளும். கொரோனா காலத்தில் ‘எதிர்ப்பு சக்தி கூடும்’ என்று கூவி விற்கப்பட்ட மூச்சுப் பயிற்சிகளுக்கு இந்தச் சங்கிலிதான் அடிப்படை. ஆனால் தொற்று வராமல் தடுக்கும் என்பதுவரை அந்தச் சங்கிலி நீளவில்லை.

நீண்ட தூரம் போன ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்துடையது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 200 பெண்களில் ஒரு பகுதியினர் 12 வாரம், வாரம் இருமுறை ஹடயோகம் செய்தார்கள். முடிவுகள் 2014இல் வந்தன. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து அவர்களுக்குச் சோர்வு குறைந்திருந்தது. ரத்தத்தில் மூன்று அழற்சிக் குறியீடுகளும் இறங்கியிருந்தன. ஒப்பிட்டது, பயிற்சிக்குக் காத்திருந்த பெண்களோடு. தினமும் நடைப்பயிற்சி போகும் பெண்களோடு ஒப்பிடவில்லை.