எடுத்து வளர்த்த பிள்ளைகளும் 1952-ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்களும்



ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் வெள்ளைக் கோர்ட்டுக் கட்டடத்தை அறியாதவர் நம்மில் இல்லை. பிள்ளையை எடுத்து வளர்க்க நினைக்கும் நம் குடும்பத்தார் சிலர் இன்றும் முதலில் அங்கேதான் போய் விசாரிக்கிறார்கள். "நீங்கள் முஸ்லிம், உங்களுக்கு இங்கே வேலையில்லை, பதிவு இலாகாவுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சிலர் மனம் நொந்து, நம்மால் தத்தெடுக்கவே முடியாது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது உண்மையல்ல. நமக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழிக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறும் உண்டு. பொன்விழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டபோது எங்களுக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வந்தது. காரணம், எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

எங்கள் நன்னா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு எல்லாம் கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளன்று வசூலிக்கும் கடை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. 1950-இலிருந்து காட்டோரத்துச் சீனக் குடும்பங்களைப் பெயர்த்து முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் குடியேற்றினார்கள். நட்ட மரவள்ளியையும் வளர்த்த பன்றியையும் விட்டுவிட்டு ஒரு லாரியில் ஏறிப் போன குடும்பங்கள் அவை. அந்த நாட்களில் பெண் குழந்தைகளைப் பிற இனத்தாரிடம் கொடுத்துவிடுவது வழக்கமாகவே இருந்தது. வறுமை ஒரு காரணம், ஜாதகம் சரியில்லை என்பது இன்னொரு காரணம். மலாய்க்காரர் வீடுகளிலும் நம் வீடுகளிலும் இந்துத் தமிழர் லயத்து வீடுகளிலும் அப்படி வளர்ந்த சீனப் பெண்கள் பலர். எங்கள் குப்பியும் அப்படி வந்தவர்தான். பிறந்து சில நாட்களே ஆன குழந்தை. அப்போது எங்கள் அத்தா கைக்குழந்தை. நன்னி இருவருக்கும் பால் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் இந்த வழக்கத்தை அரசாங்கம் சந்தேகக் கண்ணோடும் பார்த்தது. சீனச் சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் முய் சாய் முறையை விசாரிக்க 1936-இல் லண்டனிலிருந்து ஓர் ஆணையமே அனுப்பப்பட்டது. யார் பிள்ளையாக வளர்க்கிறார், யார் வேலைக்காரியாக வளர்க்கிறார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது எளிதல்ல அல்லவா? எழுத்து ஒன்றும் இல்லாத இடத்தில் வளர்த்தவரின் வாய்ச் சொல்லே சாட்சி.

வாய்ச் சொல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை 1950-இல் மலாயா முழுவதும் பார்த்தது. நத்ரா வழக்கு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஜாவாவில் 1937-இல் டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மரியா ஹெர்டோக், ஜப்பானியர் காலத்தில், 1942-இன் இறுதியில், திரெங்கானு கெமாமானைச் சேர்ந்த சே அமினாவிடம் வந்து சேர்ந்தாள். தகப்பன் ஜப்பானியரின் சிறையில் இருந்தார். சில நாட்கள் வைத்திருக்கக் கொடுத்தேன் என்றாள் பெற்ற தாய். வளர்க்கவே கொடுத்தாள் என்றாள் வளர்த்த தாய். 1947-இல் அமினா பிள்ளையைக் கெமாமானுக்கு அழைத்து வந்தார். அங்கே நத்ராவாக, முஸ்லிம் பெண்ணாக அவள் வளர்ந்தாள். 1950-இல் விவகாரம் சிங்கப்பூர் கோர்ட்டுக்குப் போனது. ஜூலையில் அமினாவின் பக்கம் தீர்ப்பு, ஆகஸ்ட் 1-இல் பதின்மூன்று வயதில் மன்சூர் அடாபியுடன் நிக்காஹ், டிசம்பர் 2-இல் அந்த நிக்காஹ் செல்லாது, பிள்ளை பெற்றோருக்கே என்று மறு தீர்ப்பு. பெண்ணைக் கன்னிமாடத்தில் வைத்தார்கள். அங்கே எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். டிசம்பர் 11-இல் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமடைந்தார்கள்.

அந்த நாட்களில் நத்ரா நடவடிக்கைக் குழுவின் முன்னணியில் நின்றவர் நம்மவரான கரீம் கனி. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் ஆலோசகராக இருந்தவர், 'டான்' பத்திரிகை நடத்தியவர். கலவரத்துக்குப் பின் கைது செய்யப்பட்டார். அவர் எழுதியதும் பேசியதும் நெருப்பை மூட்டியது என்பார் உண்டு, நெருப்பு முன்பே மூண்டிருந்தது என்பார் உண்டு. எங்களுக்குப் படுவது வேறு. எட்டு ஆண்டு வளர்த்த ஒரு பெண்மணியிடம் தன் வளர்ப்பைக் காட்ட ஒரு பதிவேட்டு வரிகூட இல்லாமல் போனதுதான் அந்தக் கதையின் வேர். கெமாமானில் அப்படி ஒரு பதிவேடே அப்போது கிடையாது.

இங்கிலாந்தில் தத்துச் சட்டம் 1926-இலும் சிங்கப்பூரில் 1939-இலும் வந்துவிட்டன. மலாயாக் கூட்டரசில் 1952-இல்தான் வந்தது. அதுவும் ஒன்றாக வராமல் இரண்டாக வந்தது. இதைத்தான் நம் குடும்பங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது தத்துச் சட்டம், இன்று சட்டம் 257. இது கோர்ட்டு வழி. செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போட வேண்டும். பிள்ளை மனுதாரரின் பராமரிப்பில் தொடர்ந்து மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். சமூக நல இலாகா விசாரித்து அறிக்கை தரும். நீதிபதி உத்தரவிட்டால் பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம், பெயருக்கும் சரி, சொத்துக்கும் சரி. ஆனால் அதன் 31-ஆம் பிரிவு, எடுப்பவரோ எடுக்கப்படுபவரோ முஸ்லிமாக இருந்தால் இச்சட்டம் செல்லாது என்கிறது. வெள்ளைக் கட்டடத்திலிருந்து நம்மைத் திருப்பி அனுப்புவது இந்த ஒரு பிரிவுதான்.

இரண்டாவது தத்துப் பதிவுச் சட்டம், இன்று சட்டம் 253. இது எல்லா மதத்தாருக்கும் பொது. இதற்குக் கோர்ட்டு வேண்டாம், தேசியப் பதிவு இலாகாவின் கவுண்டர் போதும். பிள்ளைக்கு 18 வயதுக்குள் இருக்க வேண்டும், மணமாகியிருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் நம் வீட்டில் நம் செலவில் வளர்ந்து படித்திருக்க வேண்டும். பெற்றவர் உயிரோடிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். பதிவதிகாரி முன் இரு தரப்பும் பிள்ளையும் நேரில் போய் நிற்க வேண்டும். பெற்றவரைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலையில் அந்தச் சம்மதத்தைத் தள்ளிவைக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆகவே முதல் நாளிலிருந்தே தடுப்பூசிப் புத்தகம், கிளினிக் ரசீது, பாலர் பள்ளி ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு வளர்த்தோம் என்பதற்கு அவைதான் சாட்சி. வியாபாரிகளாகிய நமக்கு ரசீதின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஆண்டும் கண்மூடி இருக்கும் காலமல்ல. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பிள்ளையை ஏற்ற ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றவருக்குப் பிரசவச் செலவு என்ற பெயரில் பெருந்தொகை கைமாறினால் அது பிள்ளை வாங்கிய குற்றமாகிவிடும். தோட்டத்துக் காலத்தில் மருத்துவச்சியைக் கொண்டு, வளர்த்தவர் பெயரையே பெற்றவர் பெயராகச் சொல்லிப் பிறப்புப் பத்திரம் எடுத்தவர்கள் உண்டு. அன்று அது கருணையாகத் தோன்றியது. அது பொய்ப் பதிவு. அப்படிப் பதிந்த பிள்ளை பெரியவராகி, பெற்றவர் யார் என்று தேடும்போது பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூட மிஞ்சுவதில்லை.

பெற்றவர் முஸ்லிமல்லாதவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் ஈப்போவில் தொடங்கிய இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையின் மத மாற்றத்துக்குத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தாய் பட்ட பாட்டை இவ்வூரார் நேரில் பார்த்தவர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இனி வேண்டாம்.

குடியுரிமை தனி விஷயம். தத்துப் பதிவு நீலக் கார்டைத் தானாகக் கொண்டு வராது. பிள்ளையின் பெற்றோர் யார் என்பதைப் பொறுத்தது அது. பெற்றோர் யாரென்றே தெரியாத, தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அதுவரை அந்தக் குடும்பம் கோர்ட்டு கோர்ட்டாக ஏற வேண்டியிருந்தது.

நன்னா படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனாலும் சட்டம் வந்த சில ஆண்டுகளில் போய்க் குப்பியைப் பதிந்துவிட்டார். பழுத்துப்போன அந்தப் பத்திரத்தைக் குப்பி இன்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பத்திரம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பது பிற்பாடுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

நம் மார்க்கத்தில் வளர்ப்பு, பெற்றதாக மாறாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்த்த ஜைத் (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் ஜைத் என்றே அழைத்தார்கள். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கிய பின் ஹாரிஸாவின் மகன் ஜைத் என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள். அன்பு குறையவில்லை, பெயர்தான் உரிய தகப்பனுக்குப் போயிற்று. அதனால்தான் சட்டம் 253-இல் பதிந்த முஸ்லிம் பிள்ளையின் பெயரில் பின், பிந்தி என்பதற்குப் பின்னால் வளர்த்தவர் பெயர் வராது. குப்பியின் நிக்காஹ் நடந்தபோது நன்னா பந்தலில் இருந்தார், விருந்துக்கு ஆடு அறுத்தவர் அவர், மாப்பிள்ளை பார்த்தவர் அவர். ஆனால் வலியாக உட்கார்ந்தது காழி. அன்று நன்னா எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார் என்று அத்தா சொல்லுவார்.

பால் கொடுத்தது மட்டும் பெரிய உதவியாகப் போயிற்று. இரண்டு வயதுக்குள் பால் குடித்த பிள்ளை, பால் கொடுத்தவரின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மஹ்ரம். ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவை வயிறார, ஹனஃபியில் ஒரு தடவையே போதும். இன்று பிள்ளை பெறாத பெண்களுக்கும் பால் சுரக்க வைக்கும் சிகிச்சை உண்டு. குழந்தையைக் கொண்டு வரும் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. இதை விட்டுவிட்டால் பிள்ளை பருவமடைந்ததும் சொந்த வீட்டுக்குள் பர்தா பார்க்க வேண்டிவரும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயில் விவகாரம் விசாரிக்கும் புரோபேட் கோர்ட்டிலேயே தத்து மனுவையும் போடுகிறார்கள். அங்கே பிள்ளையும் சொத்தும் ஒரே மேசையில் தீர்ந்துவிடும். நமக்கு அவை இரண்டு மேசைகள். வளர்ப்புப் பிள்ளைக்கு ஃபராயிளில் பங்கு கிடையாது. தமிழ்நாட்டு உறவினர்களுக்கும் இதே நிலைதான். அங்கே 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், விரும்பும் முஸ்லிம் பொதுச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்றது. ஆனால் விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாது என்றும் சொன்னது.

நன்னா மவுத்தானபோது கடையும் வீடும் ஃபராயிள்படி பிரிந்தன. குப்பிக்கு ஒன்றும் வரவில்லை. மகன்மார் மூவரில் இருவர் தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் கொடுக்கவில்லை, சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதும் இல்லை. அவர் இன்று இல்லை, அல்லாஹ் அவரை மன்னிப்பானாக. குப்பி அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் பல ஆண்டுகள் அந்த வீட்டுப் பெருநாள் சாப்பாட்டுக்குப் போகாமலே இருந்தார்.

நன்னா வஸிய்யத் எழுதியிருந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குப்பிக்குப் போயிருக்கும். வாரிசல்லாதவருக்கு அது தாராளமாக ஆகும். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்திருந்தால் அந்த மூன்றில் ஒன்று என்ற வரம்பும் இல்லை. ஆனால் கொடுத்ததை அவர் கையில் உண்மையாகவே ஒப்படைத்திருக்க வேண்டும். வீடென்றால் கிராண்டில் பெயர் மாற்றுவதே உத்தமம். ஈபிஎஃப் பாரத்தில் வளர்ப்பு மகன் பெயரை எழுதிவிட்டோம், அதுவே போதும் என்று இருப்பவர்கள் நம்மில் பலர். முஸ்லிமின் ஈபிஎஃப் பாரத்தில் பெயர் உள்ளவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே, பணம் அவருடையதல்ல.

இந்த மலருக்காகச் சங்கத்தின் பழைய மரண சகாய நிதிப் பதிவேடுகளைப் புரட்டினோம். வாரிசு என்ற கட்டத்தில் பல பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் 'வ' என்று ஓர் எழுத்து. வளர்ப்பு என்பதன் குறி அது என்று பழைய செயலாளர் சொன்னார். உதவித் தொகை கொடுக்கும்போது அந்த எழுத்தைப் பார்த்துத் தடுத்ததுண்டா என்று கேட்டோம். ஒரு தடவையும் இல்லை என்றார். பிறகு பிள்ளைக்கு நிக்காஹ் வரும்போது காழியிடம் முன்கூட்டிச் சொல்லவே அதை எழுதி வைத்தோம் என்றார். எங்கள் குடும்பப் பக்கத்திலும் அந்த எழுத்து இருந்தது. எங்கள் அத்தா கையெழுத்துக்கு நேர் கீழே, குப்பியின் பெயருக்குப் பக்கத்தில்.