கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எழும்பும் ஒரு ஷெட், இரும்புத் தூண் நடப்படுவதற்கு முன்பே ஏதோவொரு அலுவலகத்தின் கணினித் திரையில் எழும்பிவிடுகிறது. திரையில் கதவு வைக்க முதலில் சுவர் வேண்டும். சுவர்மேல் மவுஸால் ஒரு தட்டு. சுவர் தானே துளைபட்டு வழிவிடும். சுவரை அழித்தால் கதவும் போச்சு. நம்மூர் வீடுகளில் இது தலைகீழ். அஸ்திவாரம் முடிந்ததும் வாசக்கால் நிற்கும், மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை நடக்கும், அதையொட்டித்தான் சுவர் ஏறும்.

ஜன்னலுக்குத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஓர் எண் கொடுக்கிறோம். கதவுக்குத் திசை. ரெவிட் மென்பொருளில் ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட, உள்பக்கம் திறந்த கதவு வெளிப்பக்கம் திறக்கும். வரைபடத்தில் மாறுவது ஒரு கால்வட்டக் கோடு மட்டுமே. அந்தக் கோடு எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதன் வரலாறு, கட்டடக்கலையின் வரலாறு அல்ல. பெரும்பாலும் பிணங்களின் வரலாறு.

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், 1883 ஜூன் 16 அன்று, விக்டோரியா ஹால் அரங்கத்தில் பரிசு வாங்கப் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. ஒரு பிள்ளை நுழையும் இடைவெளியோடு தாழிடப்பட்டிருந்தது. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது கதவை இழுத்துத் திறக்க யாராலும் முடியாது. உடல்களே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடுகின்றன. 183 பிள்ளைகள் செத்தார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர், அநேகமாகக் குடியேறிகளான இளம்பெண்கள். அங்கே பூட்டிய கதவும் ஒரு காரணம். துணி திருடிவிடுவார்களாம்! நூறு வருஷம் கழித்து, 2012 செப்டம்பரில், கராச்சியின் அலி எண்டர்பிரைசஸில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் பூட்டிய கதவுகள், கம்பி போட்ட ஜன்னல்கள்.

இந்தச் சாவுகளின் தடம் நம் சட்டத்திலும் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொன்னது: ஆள் உள்ளே இருக்கையில் வெளியேறும் கதவைப் பூட்டக்கூடாது, சறுக்குக் கதவு தவிர மற்றவை வெளிநோக்கித் திறக்க வேண்டும். 1987 திருத்தத்தில் அந்த வாக்கியம் சட்டத்திலிருந்தே மறைந்தது. ‘நடைமுறைக்குச் சாத்தியமான எல்லா நடவடிக்கைகளும்’ என்ற பொதுச்சொல் அந்த இடத்தில் உட்கார்ந்தது. விவரமெல்லாம் மாநில விதிகளின் பாடு. சாத்தியம் யாருக்கு என்ற கேள்வியைச் சட்டம் கேட்டுக்கொள்வதில்லை.

கணினியில் நடந்தது வேறு மாதிரி. 1982-இல் வந்த ஆட்டோகேடில் கதவு என்பது ஒரு கோடும் ஒரு வில்லும், அவ்வளவுதான். 2000-இல் வெளிவந்து 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய ரெவிட்டில் அது ஒரு ‘பொருள்’. தன் அகலம், விலை, தீ தாங்கும் நேரம் எல்லாவற்றையும் அது தாங்கும். தனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், வெளியே கொண்டி போட்டிருக்கிறதா என்பது, யாராவது தனியே கற்பித்தாலொழிய, அதற்குத் தெரியாது. உள்நோக்கித் திறந்தாலும் மென்பொருள் முனகுவதில்லை. இதை நடுநிலை என்கிறார்கள்.

ஷெட்டில் பெரிய வாசல் லாரிக்கானது. ஆளுக்கு, பல இடங்களில், ரோலிங் ஷட்டரில் வெட்டிய சின்னக் கதவு. ஜன்னல் கூரையை ஒட்டி உயரத்தில். வெளிச்சம் வரும், ஆள் ஏற முடியாது. உள்ளே ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர்கள். புகை மண்டினால் எந்த மொழிப் பலகையையும் படிக்க முடியாது. கதவின் திசைதான் மிச்சம்.

2025 நவம்பர் 21 முதல் 1948 சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்விசையுடன் இயங்கினால் 10 பேர் என்றிருந்த ‘தொழிற்சாலை’ வரம்பு 20 ஆனது. இல்லாவிட்டால் 20 என்பது 40. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ எஸ்டேட் மாதிரியான இடங்களில் பதினைந்து பேர் மெஷின் ஓட்டும் பட்டறை இனி அந்த வரையறைக்குள் வராது. வரையறைக்குள் வரும் ஷெட்டின் வரைபடம் ஒப்புதலுக்குப் போகும். அதில் கால்வட்டம் வெளிப்பக்கமாகவே இருக்கும். சங்கத்துத் தோழர்கள் அந்தத் தாளோடு இரவு ஷிப்டில் போய்ப் பார்க்க வேண்டும், அந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று.